லிஃப்ட் கிட்டா, பெரிய டயரா, ரெண்டும் வேண்டாமா? பிக்கப் வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கு

நாலு வழிச்சாலையில் ஒரு டொயோட்டா ஹைலக்ஸோ இசுஸு வி-கிராஸோ இடுப்பு உயரத்துக்கு டயர் மாட்டிக்கொண்டு போனால் திரும்பிப் பார்க்காத ஆள் கிடையாது. அந்தப் பார்வைக்காகவே வண்டியைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவரவர் காசு, அவரவர் ஆசை. அதில் நான் தலையிடவில்லை. "நம்ம ஊர் ரோட்டுக்கு இது கண்டிப்பா வேணும்லா" என்று சொல்லிப் போடுகிறவர்களிடம்தான் எனக்குப் பேச்சு. எந்த ரோட்டுக்கு?

மாவட்டம் இரண்டு மூன்றாகப் பிரிந்துவிட்டாலும் திருநெல்வேலிச் சீமை என்று நாம் சொல்கிற பூமியில் தரை ஒரே மாதிரி இல்லை. திசையன்விளைப் பக்கம் தேரி மணல். மானூர், சங்கரன்கோவில் பக்கம் கரிசல். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் வயலும் வாய்க்காலும், வாழைத்தோட்டத்துக்குள் போகிற ஒற்றைத் தடமும். மணிமுத்தாறு தாண்டினால் மாஞ்சோலைக்கு ஏறுகிற கல் பாதை. பணகுடி, காவல்கிணறு பக்கம் தரை நல்ல தார்தான், ஆனால் காற்று சும்மா விடாது. இந்த எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து என்று லிஃப்ட் கிட்டை, அதாவது வண்டியை உயர்த்துவதற்கான சாமான்களை, விற்கிறார்கள்.

உங்கள் முன்னால் உள்ள வழிகள் ஏறக்குறைய நாலு. ஒன்று, கம்பெனி சைஸிலேயே நல்ல ஆல்-டெரெய்ன் (தாரிலும் மண்ணிலும் ஓடுகிற) டயர். இரண்டு, ஒரு சைஸ் மட்டும் பெரிய டயர். மூன்று, இரண்டு இன்ச் சஸ்பென்ஷன் லிஃப்டோடு அதே ஒரு சைஸ் பெரிய டயர். நான்கு, நாலு இன்ச் லிஃப்டும் 33 இன்ச் டயரும். பாடி லிஃப்ட் என்று ஐந்தாவதாக ஒன்று உண்டு. சேஸுக்கும் (அடிச்சட்டம்) பாடிக்கும் நடுவே கட்டை வைத்து பாடியை மட்டும் உயர்த்துவது. சேஸும் ஆக்சிலும் பழைய இடத்திலேயே இருக்கும். பெரிய டயருக்கு மட்கார்டில் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதைப் பற்றி இதற்கு மேல் பேசப்போவதில்லை.

முதலில் அடியில் போய்ப் பாருங்கள்

வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது வண்டி ராம்ப் மேல் ஏறியதும், தண்ணீர் அடிக்கும் முன்னால் டார்ச்சோடு அடியில் போங்கள். சேறு ஒட்டியிருக்கும் இடம் முக்கியமில்லை. பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளக்கிற இடத்தைத் தேடுங்கள். உங்களுக்கு எது தேவை என்பதை அந்தச் சிராய்ப்புதான் சொல்லும். கடைக்காரர் சொல்ல முடியாது.

பின் ஆக்சிலின் நடுவே உருண்டு நிற்கும் ஹவுசிங்கின் (கியர் இருக்கும் இரும்புக் கூடு) அடிவயிற்றில் சிராய்ப்பு என்றால் லிஃப்ட் கிட் ஒரு மில்லிமீட்டர்கூட உதவாது. பிக்கப்பின் பின் ஆக்சில் முழு ஆக்சில். ஸ்பிரிங்கும் ஷாக்கும் அதற்கு மேலேதான் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் மேலே உள்ள சேஸ் போகும், ஹவுசிங் போகாது. அதை உயர்த்த ஒரே வழி டயரின் விட்டத்தைக் கூட்டுவது. அதிலும் கூட்டிய விட்டத்தில் பாதிதான் கிடைக்கும். டிராக்டர் தடத்தில், நடுவே திட்டு எழும்பி நிற்கும் தோட்டப் பாதையில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் தட்டும்.

நடுவில், சேஸ் கிராஸ் மெம்பரிலோ டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) கார்டிலோ சிராய்ப்பு இருந்தால் கதை வேறு. ஹைலக்ஸின் வீல்பேஸ் 3,085 மி.மீ. அவ்வளவு நீள வண்டி வாய்க்கால் கரையை ஏறி இறங்கும்போது முன் டயரும் பின் டயரும் பள்ளத்தில் இருக்க, வயிறு மேட்டில் உட்காரும். இதற்கு லிஃப்ட் நிஜமாகவே உதவும். நடுவயிறு 220 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு இன்ச் தூக்கும்போது தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம் ஏறக்குறைய 16 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குப் போகும். இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் சத்தம் சைடு ஸ்டெப்பிலிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். தொங்குகிற சைடு ஸ்டெப்பைக் கழற்றி வைத்ததோடு பிரச்சினை தீர்ந்துபோன வண்டிகள் நிறைய.

வால் பக்கம், பின் பம்பரிலும் டோ ஹூக்கிலும் சிராய்ப்பு என்றால் அது பிக்கப்பின் பிறவிக் குணம். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டுகிடக்கும் தொட்டிதான் காரணம். லிஃப்ட் கொஞ்சம் உதவும். பின்னால் மாட்டிய ஹூக்கைக் கழற்றுவது அதைவிட மலிவு.

எங்குமே சிராய்ப்பு இல்லையா? நல்லது. டயர் பகுதியை மட்டும் படியுங்கள்.

டயர் கணக்கு

ஹைலக்ஸில் வருகிற 265/65 ஆர்17 டயரின் விட்டம் 776 மி.மீ. ஒரு சைஸ் ஏற்றி 265/70 ஆர்17 போட்டால் 803. ஊரெல்லாம் ஆசைப்படுகிற 33 இன்ச், அதாவது 285/70 ஆர்17, ஏறக்குறைய 831. தரைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே கூடுவது முதலாவதில் 13 மி.மீ., இரண்டாவதில் 27 மி.மீ. அவ்வளவு பெரிய டயர் மாட்டி ஹவுசிங்குக்குக் கிடைப்பது ஒரு இன்ச் சொச்சம்தான் என்பதைக் கடையில் யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

அந்த 27 மில்லிமீட்டருக்கு நாம் கொடுப்பது என்ன? விட்டம் 7 சதவீதம் கூடினால் எல்லா கியரும் 7 சதவீதம் நீண்டுவிடும். என்ஜின் அதே சுற்று சுற்றும், வண்டி கூடுதல் தூரம் போகும், தரையைத் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறையும். 500 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள 2.8 லிட்டர் ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸ் இதை ஓரளவு விழுங்கிக்கொள்ளும். 360 நியூட்டன் மீட்டர் உள்ள 1.9 லிட்டர் வி-கிராஸில் நன்றாகவே தெரியும். அதன் 255/60 ஆர்18 டயர் 763 மி.மீ.தான் என்பதால் 33 இன்ச்சுக்குத் தாவினால் வித்தியாசம் 8 சதவீதத்தைத் தாண்டும். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது மூன்றாவது கியரில் போன வளைவுக்கு இரண்டாவது கேட்கும். டர்போ டீசலில் சுற்று இறங்கிவிட்டால் டர்போ எழும்பும்வரை வண்டி யோசித்துக்கொண்டு நிற்கும். முழுசாகச் சரிசெய்ய ஆக்சிலுக்குள் இருக்கும் கடைசி கியர் ஜோடியான கிரௌன் பினியனையே மாற்ற வேண்டும்: உதாரணத்துக்கு 4.10 விகிதம் இருந்த இடத்தில் ஏறக்குறைய 4.39. ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக. இந்த ஊரில் அதற்குப் போகிறவரை நான் பார்த்ததில்லை. டயரைப் போட்டுவிட்டு "வண்டி முன்ன மாதிரி இழுக்கல" என்று புலம்புகிறவர்களைத்தான் பார்க்கிறேன்.

மீட்டரும் பொய் சொல்லும். 33 இன்ச்சில் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-ல் போகும். கிலோமீட்டர் ஓட்டமும் அப்படியே குறைத்துக் காட்டும். ஆகவே "மைலேஜ் விழுந்துட்டு" என்பதில் ஒரு பங்கு கண்கட்டு. 60 லிட்டருக்கு மீட்டர் 600 கிலோமீட்டர் காட்டினால் லிட்டருக்கு 10 என்று கணக்குப் போடுவோம். உண்மையில் ஓடியது 642, லிட்டருக்கு 10.7. அதற்காக மைலேஜ் விழவே இல்லை என்று சொல்லவில்லை. கனமான டயர், முரட்டுத் தடம், உயர்ந்த முகப்பு மூன்றும் சேர்ந்து டீசலைக் குடிக்கத்தான் செய்யும். ஜிபிஎஸ் வைத்து ஒரு தடவை ஓடிப் பார்த்துத் திருத்திக்கொண்ட பிறகு புலம்பினால் சரியாகப் புலம்பலாம்.

பிரேக் விஷயத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. டிஸ்க்கும் கேலிப்பரும் பழையதே. டயர் மட்டும் பெரிசு. பெடலை அதே அழுத்து அழுத்தினால் டயர் தரையில் பிடிக்கும் விசை 7 சதவீதம் குறையும். அதோடு 33 இன்ச் ஆல்-டெரெய்ன் டயர் ஒன்று கம்பெனி டயரைவிட எட்டு, பத்து கிலோ கூடுதல் கனம் இருக்கும். அந்தக் கனம் சுற்றுகிற விளிம்பில் இருப்பதால் சுழலவைக்கவும் நிறுத்தவும் சும்மா பாரம் ஏற்றியதைவிட அதிக சக்தி கேட்கும். காலியாக ஓட்டும்போது பெடலைக் கொஞ்சம் கூட அழுத்தினால் சமாளித்துவிடலாம். வள்ளியூர் பக்கம் பாரத்தோடு வரும்போது ஆட்டுக்கூட்டம் ரோட்டில் ஏறினால் அப்போது தெரியும்.

இவ்வளவும் 33 இன்ச்சுக்கு. 265/70-க்கு இதெல்லாம் பாதிக்கும் கீழே: விட்டம் 3.4 சதவீதம்தான் கூடுகிறது, மீட்டர் 100-க்கு வண்டி 103, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாலும் பெரும்பாலும் உரசல் இருக்காது. எனக்குப் பிடித்த சமரசம் இது.

ரெண்டு இன்ச் தூக்கினால் ஸ்டியரிங் என்ன சொல்லும்

முன்பக்கம் இரண்டு விதமாகத் தூக்குகிறார்கள். மலிவு விதம், ஷாக்கின் தலையில் ஸ்பேசர் வட்டு வைப்பது. சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்மில் ஷாக் பாதி வழியில் உட்கார்ந்திருப்பதால் ஒரு இன்ச் வட்டு சக்கரத்தில் இரண்டு இன்ச் அளவுக்கு உயரம் கொடுக்கும். ஆனால் சக்கரம் மேலும் கீழும் போகிற மொத்த தூரம் கூடாது. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஆர்மும் பால் ஜாயிண்ட்டும் கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டிச் சாயும். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது முன்னால் "டக்" என்று ஒரு அடி கேட்கலாம். தொங்குகிற பாகம் ஏதோ ஒன்று அதன் எல்லையில் போய் முட்டுகிற சத்தம் அது. இன்னொரு விதம் ஸ்பிரிங், ஷாக் இரண்டையும் அந்த உயரத்துக்கென்று செய்ததாகவே மாற்றுவது. விலை பல மடங்கு. கரடுமுரடில் நிஜமாகவே நன்றாக ஓடுவது இதுதான், ஸ்பேசர் அல்ல.

எந்த விதமானாலும் அலைன்மெண்ட் கலையும். கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறையும். வளைத்துவிட்டு ஸ்டியரிங்கை விட்டால் தானாக நேருக்கு வருகிற குணம் அந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால் வேகத்தில் வண்டி ஒரு கோட்டில் நிற்காமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடிக்கொண்டே போகும். கடையில் சொல்வார்கள்: "அண்ணாச்சி, ஸ்பேசர் ஒரு மணி நேர வேலைதான். அலைன்மெண்ட் பொறவு பாத்துக்கிடலாம்." பொறவெல்லாம் இல்லை தம்பி, இப்பவே பாத்துருங்க என்று அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு இன்ச்சுக்கு மேல் போனால் கம்பெனி ஆர்மில் கேஸ்டர் திரும்பவும் சரிக்கு வராமல் போகலாம். அப்பர் ஆர்மையே மாற்றச் சொல்வார்கள். முன் ஆக்சிலின் சிவி ஜாயிண்ட்டும் பால் ஜாயிண்ட்டும் சாய்ந்த கோணத்திலேயே ஓடித் தேயும். பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, கிளப்பும்போது அடியில் ஓர் அதிர்வு வந்தால் கிராஸ் ஜாயிண்ட்டைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பல பிக்கப்களில் பின் பிரேக்குக்கு ஒரு வால்வு இருக்கும். சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பி அதை இயக்கும். பாரம் ஏறி சேஸ் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்து சேஸ் உயர்ந்தால் குறைக்கும். லிஃப்ட் போட்டதும் அந்த வால்வு வண்டி எப்போதும் காலி என்றே நினைத்துக்கொள்ளும். வாழைத்தார் ஏற்றி முழு பாரத்தில் வந்தாலும் பின் பிரேக் சோம்பலாகவே பிடிக்கும். கம்பியின் நீளத்தை லிஃப்டுக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். மெக்கானிக்கிடம் இந்த வால்வைப் பற்றிக் கேளுங்கள். அவர் முழித்தால் வேறு கடை பாருங்கள்.

அடுத்து கவிழும் கணக்கு. அமெரிக்காவில் 2001 மாடல் வண்டிகளிலிருந்து கவிழும் ஆபத்துக்கு நட்சத்திரம் போடுகிறார்கள். அதன் அடிப்படை எளிது: இடது வலது டயர்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தால் வகுப்பது. எண் குறையக் குறைய ஆபத்து கூடும். அகலம் 1,540 மி.மீ., மையத்தின் உயரம் 700 மி.மீ. என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 770-ஐ 700-ஆல் வகுத்தால் 1.10. இரண்டு இன்ச் லிஃப்டும் ஒரு சைஸ் பெரிய டயரும் போட்டால் மையம் ஏறக்குறைய 55 மி.மீ. உயரும், எண் 1.02. நாலு இன்ச்சும் 33 டயரும் போட்டால் 110 மி.மீ. உயரும், எண் 0.95. வண்டியை வாங்கும்போது கம்பெனி கொடுத்த இடைவெளியை நாமே காசு கொடுத்துக் கரைக்கிறோம். வழுக்கலைத் தடுக்கும் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடும் பழைய உயரத்துக்கு எழுதப்பட்டதுதான். வண்டி வளர்ந்தது அதற்குத் தெரியாது.

இந்த எண் நம்மூரில் இரண்டு இடத்தில் வேலைக்கு வரும். ஒன்று குளத்துக்கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், கரையின் ஓரம் சரிந்து ஒரு டயர் மட்டும் அரையடி இறங்கி நிற்கும் இடங்கள். தூக்கின வண்டி அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சாயும், உள்ளே இருப்பவருக்கு அதைவிட அதிகமாகச் சாய்கிற மாதிரி இருக்கும். தொட்டியில் உர மூட்டை அடுக்கியிருந்தால் மையம் இன்னும் மேலே.

இன்னொன்று காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிற காற்றை முப்பந்தல் காற்றாலைகள் சும்மா ஒன்றும் தேர்ந்தெடுக்கவில்லை. பணகுடி தாண்டி காவல்கிணறு போகும் நாலு வழிச்சாலையில் பக்கவாட்டிலிருந்து அடிக்கும். லாரியை ஓவர்டேக் எடுக்கும்போது லாரியின் மறைவில் காற்று சட்டென்று நிற்கும். அதன் மூக்கைத் தாண்டிய அடுத்த நொடி முழுக் காற்றும் கதவில் அறையும். கம்பெனி உயரத்தில் இது ஒரு சின்னத் திருத்தம், இரண்டு விரல் அசைவு. நாலு இன்ச் உயர்ந்து, காற்றுக்குக் காட்டும் பக்கமும் கூடி, கேஸ்டரும் குறைந்த வண்டியில் கை இரண்டும் வேண்டும். கன்னியாகுமரிக்கு அடிக்கடி போகிறவர் நாலு இன்ச் வாங்கும் முன் ஆடி மாதம் அப்படித் தூக்கின வண்டி ஒன்றை அந்த ரோட்டில் வாங்கி ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

தேரி, கரிசல், மலை

தேரியில் பெரிய டயர்தான் ராஜா என்று ஒரு நம்பிக்கை. பாதி உண்மை. தேரி மணலில் வண்டியை மிதக்கவைப்பது டயரின் உயரம் அல்ல, அது தரையில் படியும் நீளம். அந்த நீளத்தைக் கூட்ட மலிவான வழி காற்றைக் குறைப்பது. 32, 35 இருக்கும் இடத்தில் 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் கம்பெனி டயரே நீளமாகப் படிந்து மணலின் மேல் தவழும். செம்மண் பொடியில் சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் குழி ஆழமாகி ஹவுசிங் மணலில் உட்கார்ந்துவிடும். பின்னாலேயே வந்த தடத்தில் ரிவர்ஸ் எடுங்கள். லோ ரேஞ்ச் (ஃபோர் வீலின் மெதுவான, அதிக இழுவை கியர்) போட்டு, நிறுத்தாமல், திருப்பத்தைப் பெரிதாக எடுத்து ஓட்டுகிறவருக்கு லிஃப்ட் கிட் தேவைப்படாது. காற்றை அப்படியே வைத்துக்கொண்டு 33 இன்ச் மாட்டி வருகிறவர் அதே மணலில் புதைவார்.

ஆனால் காற்று குறைத்த டயருக்கு இரண்டு எதிரி. பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும்போது உடைமுள் அங்கேதான் ஏறும். டயர் தரையில் படிகிற தடத்தில் ஏறின முள்ளுக்கு டியூப்லெஸ் பிளக் போதும், பக்கச்சுவரில் ஏறினால் பிளக் நிற்காது. பனைமரத்தடியில் கிடக்கும் கருக்குமட்டை மேலும் ஏற்றாதீர்கள். ஆல்-டெரெய்ன் டயருக்கு நான் காசு கொடுக்கச் சொல்வது முக்கியமாக அந்தத் தடித்த பக்கச்சுவருக்காக. இரண்டாவது எதிரி மறதி. 18 பிஎஸ்ஐயோடு சித்திரை வெயிலில் நாலு வழிச்சாலை ஏறி எண்பதில் போனால் டயர் உள்ளுக்குள்ளேயே வெந்து வெடிக்கும். சிகரெட் லைட்டரில் மாட்டுகிற சின்னக் கம்ப்ரசர் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். லிஃப்ட் கிட் விலையில் அது எங்கோ ஒரு மூலை.

கரிசல் நேர் எதிர். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த கரிசல் டயரில் அடைகிறது, அடை மாவு தோசைக்கல்லில் ஒட்டுகிற மாதிரி விடாது. தடத்தின் இடைவெளி மண்ணால் நிரம்பியதும் எந்த விலை டயரும் வழுவழு உருண்டைதான். அகல இடைவெளி உள்ள மட் டயர் வேகமாகச் சுற்றும்போது மண்ணை எறியும், ஆல்-டெரெய்ன் அவ்வளவு எறியாது. அதே மட் டயர் தார் ரோட்டில் ஹூங்கென்று கத்தும், மழையில் ஈரத் தாரில் பிடிப்பும் குறைவு. வருஷத்தில் கொஞ்ச நாள் கரிசலுக்காக மீதி நாளெல்லாம் அந்தச் சத்தத்தோடு வாழ முடியுமா என்று யோசியுங்கள். பெரிய டயர் மாட்டி மட்கார்டில் இடைவெளி சுருங்கின வண்டியில் அந்த இடைவெளியிலேயே மண் அடைத்துச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

மலை பற்றிச் சுருக்கமாக. மாஞ்சோலைப் பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறை அனுமதித்தால்தான் மேலே. அந்தப் பாதையில் ஊத்து, குதிரைவெட்டி வரைக்கும் அரசுப் பேருந்தே ஏறி இறங்கியிருக்கிறது. அதற்கு லிஃப்ட் போட்ட பிக்கப் கேட்பது கொஞ்சம் அதிகம். கூர்க்கல்லுக்கு நல்ல பக்கச்சுவர், இறக்கத்துக்கு சின்ன கியர், போதும்.

வெள்ளத்துக்காகத் தூக்குகிறேன் என்கிறவர்கள் 2023 டிசம்பருக்குப் பிறகு கூடியிருக்கிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை தாண்டி வந்ததைப் பார்த்தவர்களின் பயம் நியாயமானது. ஹைலக்ஸுக்குக் கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 700 மி.மீ. லிஃப்ட் போட்டால் என்ஜினும் காற்று இழுக்கும் வாயும் உயரும்தான். ஆக்சில் மூச்சுவிடும் பிரீதர் குழாய் பழைய உயரத்திலேயே இருந்தால் ஹவுசிங்குக்குள் தண்ணீர் இறங்கும்; அதை நீட்டிவிட வேண்டும். ஓடுகிற தண்ணீரில் இதெல்லாம் பேச்சே இல்லை. பெரிய டயருக்குள் காற்றும் அதிகம், மிதப்பும் அதிகம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது நாலு இன்ச்சை நம்பி இறங்காதீர்கள்.

பாரம் ஏற்றுகிறவர்களுக்கு

களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிற இடத்தில் போய் நின்று பாருங்கள். தோளில் தாரைச் சுமந்து வருகிறவர் ஒரே வீச்சில் தொட்டிக்குள் சாய்க்கிற உயரம் ஒன்று இருக்கிறது. டெயில்கேட் அதற்கு மேல் போனால் தோளிலிருந்து கைக்கு மாற்றி, கையிலிருந்து மேலே தள்ள வேண்டும். காம்பு ஒடியும், சீப்பு நசுங்கும், மேலே நின்று வாங்க இன்னொரு ஆள் வேண்டும். "என்ன மொதலாளி, ஏணி கொண்டாரணுமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவார்கள். பொலேரோ பிக்கப் மாதிரி பிழைப்புக்கான வண்டியில் நாலு இன்ச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பின்னால் பாரத்தில் தாழ்கிறது என்றால் கமான் பட்டை (பின் ஸ்பிரிங்) தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு பட்டை கூட்டிப் போட்டால் பாரத்தில் நிமிர்ந்து நிற்கும், காலியாகப் போகும்போது குதிக்கும். ஆனால் வண்டி சுமக்கலாம் என்று ஆர்சி புத்தகத்தில் எழுதியிருக்கும் எடை கூடிவிடாது. ஆக்சிலும் பிரேக்கும் பழையதுதானே. கட்டையை ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைத்துத் தூக்கும் வேலையைப் பாரம் ஏற்றும் வண்டியில் செய்யாதீர்கள். கிளப்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும்.

வீட்டு வண்டி என்றால் ஆச்சியும் ஏற வேண்டும். இரண்டு இன்ச்சுக்கே கைப்பிடி தேடுவார்கள்.

சட்டம்

இதைக் கடைசியில் சொல்வதால் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யெல்லோ போர்டு வண்டியானால் எஃப்சிக்குப் போகும் நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய டயரை மாட்டுகிற கூத்து வேறு. அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ். விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் ஸ்பேசரைப் போட்டோ எடுப்பார். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்மை மறுக்க அவர்களுக்குக் கையில் கொடுத்த காரணம். அதே மாடலின் இன்னொரு வேரியண்டில் கம்பெனியே கொடுக்கும் டயர் சைஸுக்குள் இருப்பதுதான் இதில் பாதுகாப்பான எல்லை. அந்த எல்லைக்கு வெளியே போகிற 265/70-க்கும் இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் என்றால்

நகரமும் நாலு வழிச்சாலையும் வாரக் கடைசியில் தோட்டமும் என்று ஓட்டுகிற வண்டிக்கு முதல் வழிதான்: கம்பெனி சைஸில் தடித்த பக்கச்சுவர் உள்ள ஆல்-டெரெய்ன், ஒரு கம்ப்ரசர். ஹவுசிங் தட்டுகிறவருக்கு இரண்டாம் வழி. வாய்க்கால் கரையில் வயிறு உண்மையாகவே தட்டி, தோட்டத்துக்கு வேறு பாதையும் இல்லாதவருக்கு மட்டும் மூன்றாம் வழி. அதுவும் ஸ்பேசர் அல்லாமல் முழு ஸ்பிரிங்கும் ஷாக்கும், சட்டச் சிக்கலைத் தெரிந்தே. நான்காம் வழிக்கு இந்தச் சீமையில் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆசைதான் காரணம் என்றால் ஆசை என்றே சொல்லிப் போடுங்கள். ஆடிக் காற்றில் எழுபதைத் தாண்டாதீர்கள்.

எந்த வழியானாலும் டயரின் லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குக் குறையக் கூடாது. லிஃப்ட் போட்டவர் ஹெட்லைட்டை இறக்கி வைக்க வேண்டும், எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் திரும்ப முறுக்கி, அலைன்மெண்ட்டை இன்னொரு முறை பாருங்கள். அதோடு பில்லில் டயர் எத்தனை என்று பாருங்கள். நாலு என்று இருந்தால் ஸ்டெப்னி பழைய சைஸ்தான். பஞ்சரான நாளில் அதைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போட்டால் இடதும் வலதும், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயன்று டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஐந்தாவது டயரையும் சேர்த்து வாங்குங்கள். 33 இன்ச் என்றால் அது தொட்டிக்கு அடியில் இருக்கும் பழைய இடத்தில் பெரும்பாலும் நுழையாது, தொட்டிக்குள்தான் கிடக்கும். அங்கே வைக்க நினைத்த சாமான் எங்கே போகும் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.